கண்ணாடித் திரையும் கண்ணின் உரிமையும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த ஆப்பிள் கம்பெனியார் 2025-ஆம் வருஷம் ஜூன் 9-ந் தேதி தங்கள் ஐபோனுக்குப் புதியதொரு தோற்றத்தை அறிவித்தனர். ‘லிக்விட் கிளாஸ்’, அதாவது திரவக் கண்ணாடி, என்பது அதன் நாமதேயம். அவ்வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி வெளியான ஐஓஎஸ் 26 வாயிலாக அது ஜனங்களின் கைக்கு வந்தது. பொத்தான்களும் பட்டைகளும் பளிங்குத் துண்டுகள் போல் மிதக்கின்றன. பின்னாலுள்ள படம் அவற்றினூடே நெளிந்து தெரிகிறது. பார்வைக்கு வெகு நேர்த்தி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அழகு வேறு, உபயோகம் வேறு. வெண்மேகப் படத்தின் மீது வெள்ளெழுத்து மிதந்தால் முதியோர் அதனைப் படிப்பது எங்ஙனம்? எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 ஆக இருத்தல் வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்காக 2008-ல் வகுக்கப்பட்ட சர்வதேச விதி. காகிதத்தின் வெண்மை மாறாதது; கண்ணாடியின் பின்னணியோ விரல் அசையுந்தோறும் மாறுவது. ஆகவே ஒரு முறை அளந்து பார்த்துத் திருப்தி அடைந்துவிட முடியாது.

இங்கேதான் பிறர் அமைக்கும் செயலிகளின் பொறுப்பு தொடங்குகிறது. ஆப்பிளின் புதிய கருவிகளைக் கொண்டு செயலியை மறுபடி கட்டினால், வழக்கமான பட்டைகள் தாமே கண்ணாடியாகிவிடும். சொந்தமாக வரைந்த பொத்தானுக்கு ஒரு வரிக் கட்டளை போதும். கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. ‘ரெகுலர்’ என்பது பின்னணிக்கேற்பத் தன் ஒளியைத் திருத்திக் கொள்ளும். ‘கிளியர்’ என்பது அவ்விதம் செய்யாது. அதன் கீழே சற்று இருளைப் பரப்பினாலன்றி எழுத்துத் துலங்காது. கண்ணாடி மேல் கண்ணாடி அடுக்கலாகாது. சாயம் முக்கியமான பொத்தானுக்கு மட்டுமே. படிக்க வேண்டிய பகுதிக்குக் கண்ணாடியே கூடாது. இவை கம்பெனியாரே கூறும் புத்திமதிகள். புதுத் தோற்றம் வேண்டாம் என்போர் பழைய தோற்றத்தை நீடிக்கவும் ஒரு குறிப்பு வைத்தனர்; அது தற்காலிகச் சலுகையே என்பதையும் அப்போதே தெரிவித்துவிட்டனர்.

உபயோகிப்போருக்கும் வழி இல்லாமற் போகவில்லை. ‘ரெட்யூஸ் ட்ரான்ஸ்பரன்ஸி’ என்ற அமைப்பினால் ஊடுருவும் தன்மையைக் குறைக்கலாம். 2025 நவம்பரில் வந்த 26.1 பதிப்பில், கண்ணாடியைச் சற்று மங்கலாக்கும் ‘டின்டட்’ என்ற தேர்வும் சேர்ந்தது. இந்த விருப்பங்களுக்கு ஆப்பிளின் சொந்தக் கண்ணாடி தானே கீழ்ப்படியும். ஆனால் செயலிக்காரர் தம் கைத்திறமையால் போலிக் கண்ணாடி தீட்டியிருந்தால், அவ்விருப்பத்தை அவரே விசாரித்து அறிந்து நடக்க வேண்டும். நடக்காவிடில், மங்கலாக்கு என்று ஒரு பாட்டியார் இட்ட ஆணை அந்தச் செயலியின் வாசலோடு நின்றுவிடும்.

செயலி அமைக்கும் நம் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. வங்கிக் கணக்கையும் ரயில் டிக்கட்டையும் மருந்துச் சீட்டையும் ஜனங்கள் இன்று இத்திரையிலேயே படிக்கிறார்கள். படிக்க முடியாதவர் பிறர் கையை எதிர்பார்க்க நேரிடும். தம் காரியத்தைத் தாமே பார்த்துக் கொள்ளும் உரிமையைப் பறிக்கும் அழகு நமக்கு வேண்டுவதன்று.