அச்சேறும் முன்

தில்லியில் இதழியல் படிக்கும் என் பேத்தி, "தாத்தா, ஒரு செய்தி அச்சேறும் முன்பே அரசாங்கம் தடுக்கலாமா?" என்று கேட்டாள். ரயில்வேயில் டிப்ளமா இன்ஜினீயராக இருந்தவனுக்குச் சட்டம் ஏது? அவள் பாடப் புத்தகத்தையே வாங்கிப் புரட்டினேன். பார்த்தால் நம் ஊர் வழக்கு!

தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முற்பட்டது. அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 'அவதூறு வருமென்று முன்கூட்டித் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை. வெளிவந்த பின் வழக்குப் போடலாம்' என்றது. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி எழுதக்கூடாது. நீதிமன்றப் பதிவுகளில் உள்ளதை எழுதலாம். ஆனால் அதிலும் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் கூடாது. குற்றவியல் அவதூறு வழக்கிலோ, எழுதியது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும்.

இது சட்டம். நெறி வேறு விஷயம்.

என் சர்வீஸில் ஒரு ரயில் தடம் புரண்டது. விசாரணை தொடங்குமுன்பே ஒரு நாளிதழ், டிரைவர் பெயரைப் போட்டு 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டது. பிறகு தண்டவாள முறிவுதான் காரணம் என்று தெரிந்தது. திருத்தம் வரவேயில்லை. அதற்குள் அவர் மகளின் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

"கேஸ் போட்டிருக்கலாமே தாத்தா?" என்றாள் பேத்தி. போட்டிருக்கலாம். அவருக்கு அதை யார் சொன்னார்கள்?