கோடியக்கரைக் காட்டில் ஒரு காலை நடை

நாகூருக்குக் குடும்பத்தோடு வருவோரில் சிலர், வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவிலுள்ள கோடியக்கரைக்கும் ஒரு நடை போய் வருவதுண்டு. வேனில் கடற்கரை வரை சென்று, அரைமணி நேரம் அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பி விடுகின்றனர். வழியில் கடந்து போன காட்டைப் பற்றிக் கேட்டால், "ஒன்றும் கண்ணில் படவில்லையே!" என்கின்றனர். வேனுக்குள் இருப்பவர்களுக்கு எப்படிப் படும்?

தெற்கு நோக்கி வரும் வங்கக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகின்ற முனையே கோடியக்கரை. வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967-ஆம் ஆண்டு இக்காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதையும், அடுத்துள்ள உவர்ச் சதுப்பையும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து 2002-இல் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொண்டனர்.

மலையேற்றம் என்றதும் தயங்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இங்கே அந்த அச்சம் தேவையில்லை. மணல் மேடுகளின் மீது வளர்ந்த சமதளக் காடு இது. மிக உயர்ந்த இடமான ராமர்பாதம் மேடே சில மீட்டர் உயரந்தான். உம்மம்மாவும் பேரப்பிள்ளையும் கை கோத்துக்கொண்டு நடக்கலாம். முதல்நாள் இரவை வேதாரண்யத்தில் கழித்து, சுபுஹு தொழுததும் புறப்படுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் மணலில் நடப்பது கடினம். மான்களும் நிழலுக்கு ஒதுங்கிவிடும். வனத்துறைச் சாவடியில் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் பாதையில் மட்டுமே செல்ல வேண்டும். குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

புல்வெளி தொடங்குமிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுச் சற்று நின்றால் போதும். முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்புகளோடு நிற்பது கலைமான். கொம்பில்லாமல் பழுப்பு நிறத்தில் மேய்பவை பெண்மான்கள். அருகில் சென்று படமெடுக்க எண்ணிப் பிள்ளைகள் ஓடினால், மந்தை முழுவதும் துள்ளிக் குதித்து மறைந்துவிடும். குட்டி ஈன்ற காலத்தில் தாயும் குட்டியும் பிரியவும் கூடும்.

பாலையும் நாவலும் மிகுந்த இக்காட்டில் உகா மரமும் உண்டு. நாம் பல் துலக்கும் மிஸ்வாக் இம்மரத்தின் குச்சிதான்! பார்த்ததும் கை அரிக்கும். ஆனால் சரணாலயத்தில் ஒரு கிளையை ஒடிப்பதும் சட்டப்படி குற்றம். மிஸ்வாக்கைக் கடையில் வாங்கிக்கொள்வோம்.

பறவையியல் மேதை சாலிம் அலி (1896–1987) ஆய்வு செய்த மண் இது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் இங்கே பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த மெல்லிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்க விடுவர். அதே பறவை வேறொரு நாட்டில் அகப்பட்டால், எண்ணைக் கொண்டு அதன் வழித்தடம் தெரியவரும். பூகோளப் பாடத்தை இதைவிட எளிதாக எந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தர முடியும்?

மானின் நிலைதான் கவலைக்குரியது. சீமைக் கருவேலம் புல்வெளியை விழுங்கி வருகிறது. அதன் காயை மானே விரும்பித் தின்று, எச்சத்தோடு விதையையும் பரப்பி விடுவது பெரிய சோதனை! எஞ்சிய புல்லுக்கு அங்கே திரியும் மட்டக் குதிரைகளும் போட்டியிடுகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் மரங்கள் சாய்ந்தன. மான்கள் பல மடிந்தன.

புயலை நாம் தடுக்க முடியாது. தேக்சாவோடு வந்து, உண்ட எச்சிலைக் காட்டோரம் வீசிச் செல்வதைத் தடுக்கலாம் அல்லவா? எச்சிலைத் தேடி நாய்கள் வரும்; அந்நாய்களே மானைத் துரத்திக் கடிக்கும். குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுவதும் இரக்கமன்று. அது சாலைக்கு வந்து வண்டியில் அடிபடப் பழக்குவதே ஆகும். சோற்றை வேதாரண்யம் திரும்பிச் சாப்பிடலாம். பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் மறவாமல் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பூநாரைகளையும் காண விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் செல்ல வேண்டும். அவை இருப்பது காட்டில் அன்று, உவர்ச் சதுப்பில். அன்றைக்கு எங்கே இறங்கியுள்ளன என்பதைச் சாவடியில் கேட்டுவிட்டுப் போனால் வீண் அலைச்சல் இராது.