பாவச் சுமையும் யாத்திரிகனும்

தமிழில் ‘பாவம்’ என்னும் சொல் இருவேறு நிலைகளில் வழங்கக் காண்கின்றோம். துன்புறுவானைக் கண்டு ‘பாவம்!’ என இரங்குதல் உலக வழக்கு. இறைவனுக்கு மாறான செயலையும், அச்செயலுக்கு வேராகிய உள்ளக் கோணலையும் அச்சொல்லாற் குறித்தல் கிறித்தவ வழக்கு. இவ்விரண்டாவதனைக் கிறித்தவன் எத்துணைப் பொறுப்போடு கருதுதல் வேண்டும் என்னும் வினாவிற்கு, ஜான் பனியன் 1678-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட யாத்திரிகன் கதை விடை பகர்கின்றது. எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றி 1894-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ அக்கதையைத் தழுவிய காப்பியமாதலின், அவ்விடையை ஆராய்தல் தமிழ் பயில்வார்க்கும் பயனுடையதாம்.

பனியன் (1628–1688) கலங்களின் ஓட்டையடைக்கும் தொழிலினர். ஆட்சியாளர் இசைவின்றிச் சமயவுரை நிகழ்த்தியமையால் 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையில் இருந்தவர். கோயில் மணியடித்தலையும் குற்றமெனக் கருதி, அம்மணி தன்மேல் வீழுமோ என நடுங்கிய நாள்கள் தமக்கு இருந்தமையை அவரே 1666-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார். எனவே, பாவத்தைப் பொருட்படுத்தாமையின் கேட்டை மட்டுமன்றி, அதனையே எண்ணியெண்ணி மனமுடைதலின் கேட்டையும் அவர் நன்கறிந்தவர்.

கதைத் தலைவன் முதுகில் ஒரு பெருஞ்சுமை உளது. அது பாவம். கையிலுள்ள நூலைப் படித்த பின்னரே அவன் அதன் பாரத்தை உணர்ந்து அழுகின்றான். அவனோடு புறப்பட்ட அயலான் ஒருவன் முதுகிற் சுமையில்லை. ஆதலின் அவன், ‘விரைந்து நட’ எனத் தூண்டுகின்றான். ஆயின் வழியிலுள்ள சேற்றில் இருவரும் வீழ்ந்தபோது, சுமையற்றவன் தன் ஊர்ப்பக்கமாகவே கரையேறி வீடு திரும்புகின்றான். சுமையுடையவனோ அக்கரை நோக்கியே போராடுகின்றான். பாரத்தை உணராமை விடுதலையன்று. புறப்படுதற்குரிய காரணம் இன்மையே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, உலகஞானி ஒருவன் சுமையை எளிதில் இறக்கும் வழியாக நல்லொழுக்கத்தின் ஊரைக் காட்டுகின்றான். அவ்வழியே சென்ற யாத்திரிகன்மேல் சீனாய் மலை சாய்வதுபோல் தோன்றச் சுமை முன்னினும் கனக்கின்றது. தன் முயற்சியால் தன்னைத் தூயவனாக்கிக்கொள்ள முனைவான், தன் குறையின் அளவையே மேன்மேலும் காண்பான் என்பது கருத்து. பின்னர்ச் சிலுவையின் முன் நின்ற அளவில் அச்சுமை தானே கழன்று உருண்டு, கீழுள்ள கல்லறையின் வாயிற் புகுந்து மறைகின்றது. பனியன் சுருங்கக் கூறிய இவ்விடத்துப் பொருளை உணர்த்துவார்போல், கிருட்டிணபிள்ளை கிறித்துவின் பாடுகளைத் தம் காப்பியத்தில் விரித்துப் பாடுகின்றார். பாவத்தின் பாரம் அதனைச் சுமந்தவர் உற்ற துன்பத்தால் அளக்கப்படுகின்றது.

சுமை நீங்கிய பின்னரும் யாத்திரிகன் தவறுகின்றான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மலையிடைக் குடிலில் உறங்கித் தன் சுருளை இழந்தவன், அதனைத் தேடி வந்த வழியே அழுதுகொண்டு திரும்புகின்றான். பிறிதொருகால் எளிய வழியை விரும்பி நெறி பிறழ்ந்து, ‘நம்பிக்கையின்மை’ என்னும் அரக்கனது கோட்டையிற் சிறைப்படுகின்றான். ஆங்கு அவனை விடுவிப்பது அவன் மார்பிலேயே மறந்து கிடந்த ‘வாக்குறுதி’ என்னும் திறவுகோல். முன்னதில் தன் பிழையைச் சிறிதென ஒதுக்காமையும், பின்னதில் அப்பிழை மன்னிப்பினும் பெரிதென எண்ணாமையும் புலனாகின்றன.

இவ்விரண்டும் இல்லாதவன் ‘அறியாமை’ என்னும் பெயரினன். அவன் கடன் தீர்ப்பவன். நோன்பும் கொடையும் உடையவன். தன் உள்ளம் நல்லதென்றே சாதிப்பவன். விண்ணுலக வாயில்வரை சென்றும் அவன் உட்புகவில்லை. கொடியோனை விடுத்து நல்லோனெனத் தன்னை மதித்த ஒருவனை நூலின் இறுதியில் நிறுத்தியமை, படிப்போர் தம்மையே ஆராய்தற் பொருட்டேயாம்.

ஆகவே, பாவத்தைப் பொறுப்போடு கருதுதல் என்பது ஓயாது அஞ்சுதலன்று. தவறிய இடத்திற்குத் திரும்பிச் செல்லும் துணிவும், மன்னிப்பை நம்பி மீண்டும் நடக்கும் துணிவுமேயாம்.