இழுவையின் கணக்கு: சித்தி முதல் எதிர்நீச்சல் வரை

சீரியல் பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும் சற்று நேரத்தில் இரண்டு வாக்கியங்கள் வந்து விழும். ஒன்று, "மெட்டி ஒலி மாதிரி வருமா?" இன்னொன்று, "அப்பல்லாம் இப்படி இழுக்க மாட்டாங்க." முதலாவது ரசனை. அதைக் கணக்குப் போட்டு யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். இரண்டாவது அளவைப் பற்றிய புகார். அதை எண்ணிப் பார்த்துவிடலாம்.

எண்ணுவதற்கு ஓர் அலகு வேண்டும். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கு 10 நிமிடம், சேனல் தன் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்லிக்கொள்ள 2 நிமிடம், மொத்தம் 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அரை மணி ஸ்லாட்டுக்கு அது 6 நிமிடம். மிச்சம் 24. டைட்டில் பாட்டு, முந்தைய நாள் நடந்தது, நாளைய ப்ரோமோ எல்லாம் அதற்குள்தான். ஒரு எபிசோடுக்கு 22 நிமிடம் என்று எல்லாத் தொடர்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறேன். ஒரே அளவுகோல் எல்லோருக்கும் என்பதால் ஒப்பீடு கெடாது.

சித்தி, 1999–2001: 467 எபிசோடு, 171 மணி நேரம்.
மெட்டி ஒலி, 2002–2005: 811 எபிசோடு, 297 மணி நேரம்.
கோலங்கள், 2003–2009: 1,533 எபிசோடு, 562 மணி நேரம்.
நாதஸ்வரம், 2010–2015: 1,356 எபிசோடு, 497 மணி நேரம்.
சந்திரலேகா, 2014–2022: 2,314 எபிசோடு, 848 மணி நேரம்.
பாண்டியன் ஸ்டோர்ஸ் முதல் பாகம், 2018–2023: 1,348 எபிசோடு, 494 மணி நேரம்.
எதிர்நீச்சல் முதல் பாகம், 2022–2024: 744 எபிசோடு, 273 மணி நேரம்.

"அப்பல்லாம் இழுக்க மாட்டாங்க" என்ற பேச்சு இந்த வரிசையைத் தாங்காது. அந்தக் காலத்துப் பெருமைக்கு எல்லோரும் முன்னிறுத்தும் கோலங்கள், இந்தக் காலத்து எதிர்நீச்சலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஓடியது. இன்றைய பட்டியலில் சந்திரலேகா போன்ற நீளங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் எபிசோடு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பழைய தொடர்கள் அடக்கமானவை என்று சொல்ல வழியில்லை.

ஆனாலும் ரசிகர்கள் பொய் சொல்லவில்லை. ஏதோ ஒன்று மாறித்தான் இருக்கிறது. அது எண்ணிக்கையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

இதைப் பார்க்க கோலங்களையும் எதிர்நீச்சலையும் விடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. இரண்டும் ஒரே சேனலான சன் டிவியில் வந்தவை, இரண்டுக்கும் இயக்குநர் திருச்செல்வம். கோலங்களில் தொல்காப்பியனாக நடித்ததும் அவரே. அங்கே தேவயானியின் அபி, தன் காலில் நிற்கப் போராடும் பெண். இங்கே ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்கள் நால்வர். வீட்டுக்குள் பெண்ணுக்கு என்ன மதிப்பு என்ற ஒரே கேள்வியைத்தான் ஒரே மனிதர் இருபது வருட இடைவெளியில் இரண்டு முறை கேட்டிருக்கிறார். கோலங்கள் 2003 நவம்பர் 24-இல் தொடங்கி 2009 டிசம்பர் 4-இல் முடிந்தது. ஏறத்தாழ 315 வாரம். 1,533-ஐ வகுத்தால் வாரத்துக்கு 4.9 எபிசோடு, அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை. எதிர்நீச்சல் 2022 பிப்ரவரி 7-இல் தொடங்கி 2024 ஜூன் 8-இல் நின்றது. 122 வாரம், 744 எபிசோடு, வாரத்துக்கு 6.1. சனிக்கிழமையும் உண்டு, சில ஞாயிறும் சேர்ந்திருக்கிறது. கோலங்கள் தன் 744-ஆவது எபிசோடைத் தொட 35 மாதம் ஆகியிருக்கும். எதிர்நீச்சல் 28 மாதத்தில் தொட்டுவிட்டது.

ஒரு நாள் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஐந்து நாள் தொடர் வாரத்துக்கு 110 நிமிடம் கேட்கிறது, ஆறு நாள் தொடர் 132. வருடத்துக்கு 1,144 நிமிடம் அதிகம். நம் ஊர்ப் படம் ஒன்று 140 நிமிடம் என்று கொண்டால், அதே எழுத்தாளரும் அதே யூனிட்டும் வருடத்துக்கு எட்டுப் படத்துக்கான காட்சிகளைக் கூடுதலாகத் தர வேண்டும். மொத்தத்தில் பார்த்தால் ஆறு நாள் தொடர் என்பது ஏறத்தாழ வாரம் ஒரு படம், வருடத்துக்கு ஐம்பது படம். 140 நிமிடப் படத்தை 70 நாள் எடுக்கிறவர்கள் ஒரு நாளைக்கு 2 நிமிடம் எடுக்கிறார்கள். மாதம் 26 எபிசோடு கொடுக்க வேண்டிய சீரியல் யூனிட் 26 நாளும் வேலை செய்தால் கூட, ஒவ்வொரு நாளும் 22 நிமிடம் எடுத்து முடித்தாக வேண்டும். கையிருப்பாக எடுத்து வைத்த எபிசோடுகள் தீர்ந்துவிட்டால் எழுதுகிறவருக்கு யோசிக்க நேரம் எங்கிருந்து வரும்?

அந்த நேரம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதைத் திரையில் பார்க்கலாம். குணசேகரன் வீட்டுக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகள் நால்வர், அவர்கள் மனைவிமார் நால்வர், அம்மா விசாலாட்சி, தங்கை ஆதிரை. பத்துப் பேர். யாரோ ஒருவர் ஓர் அதிர்ச்சியான வாக்கியத்தைச் சொல்கிறார். கேமரா ஒவ்வொரு முகத்திலும் நாலு வினாடி நின்றால் ஒரு சுற்று 40 வினாடி. மூன்று சுற்று வந்தால் 2 நிமிடம். 22 நிமிடத்தில் அது 9 சதவீதம். எபிசோடில் இப்படி இரண்டு அதிர்ச்சி என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம் முகங்களிலேயே போய்விடும். எதிர்நீச்சலில் அந்த முகங்கள் நன்றாக நடித்தன, அதனால் பல நாள் அந்தச் சுற்று எனக்கு உறுத்தவில்லை. நடிக்கத் தெரியாத முகங்களைச் சுற்றும்போதுதான் ஜனங்கள் ரிமோட்டைத் தேடுகிறார்கள். முகச்சுற்று பழைய தொடர்களிலும் உண்டுதான். ஆனால் ஐந்து நாள் கணக்கில் அது வசதி; ஆறு நாள் கணக்கில் தேவை.

கதை ஊறக் கிடைத்த இடைவெளியைப் பற்றிப் பேசினால் மர்மதேசத்தைச் சொல்லாமல் முடியாது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. 'ரகசியம்', 'விடாது கருப்பு' இரண்டையும் நாகா இயக்கினார். தொண்ணூறுகளில் வாரம் ஒரு முறை வந்தது. வாரம் 22 நிமிடம்தான். ஒரு படத்தின் நீளத்தைத் தொட ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். மிச்ச ஆறு நாளும் 'கருப்பு யார்' என்ற பேச்சு தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் விட்ட இடத்தைப் பார்த்தவர்கள் தாங்களே நிரப்பினார்கள். 'அந்த மாதிரி இப்போ யாருக்கும் எடுக்கத் தெரியல' என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்க நினைக்கிறேன்: வாரம் ஒரு நாள் மட்டும் வரும் கதைத் தொடருக்கு இரவு ஒன்பது மணி ஸ்லாட்டை இன்று எந்தச் சேனல் ஒதுக்கும்? 'விடாது கருப்பு'வில் நடித்த சேத்தன்தான் சில வருடம் கழித்து மெட்டி ஒலியின் மாணிக்கம். ஆட்கள் மாறவில்லை, அவர்கள் வேலை செய்த வேகம் மாறியது.

இனி நினைவின் கணக்கு. மெட்டி ஒலியை உயிராக நினைக்கிற யாரையும் உட்கார வைத்துக் காட்சி காட்சியாகச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் ஒரு மகள் வீட்டு வாசலில் கூனி நிற்பது, சாந்தி வில்லியம்ஸின் மாமியார் கொடுமை, திருமுருகனின் கோபி, போஸ் வெங்கட்டின் போஸ். நல்ல ஞாபகம் உள்ளவர் ஐம்பது காட்சி சொல்வார் என்று வைப்போம். ஒரு காட்சிக்கு 3 நிமிடம் என்றால் 150 நிமிடம். தொடரின் மொத்த நீளம் 17,842 நிமிடம். அதில் 150 என்பது நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஓடியதிலிருந்து சலித்தெடுத்த 150 நிமிடத்தை, இந்த வாரம் வெளிவந்த 132 நிமிடத்தோடு பக்கத்தில் வைத்து எடை போடுகிறோம். அந்தப் போட்டியில் எந்தப் புதுத் தொடரும் ஜெயிக்காது. மெட்டி ஒலியின் ஏதோ ஒரு சாதாரண வாரத்தை எடுத்து வைத்தால் மெட்டி ஒலியே தோற்றுப்போகும்.

எதிர்நீச்சலுக்குள்ளேயே இந்தச் சலித்தெடுப்பு நடந்து முடிந்துவிட்டது. குணசேகரனாக வாழ்ந்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-இல் காலமானார். தொடரின் 28 மாதத்தில் 19 மாதம் அவருடையது. பிறகு அந்தப் பாத்திரத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். அவர் தேர்ந்த எழுத்தாளர், நல்ல நடிகர். இருந்தும் ரசிகர்கள் ஒரே தொடரை இரண்டாக வெட்டி, முன்பாதியைப் 'பழசு' ஆக்கிவிட்டார்கள். பழசாவதற்கு இருபது வருடம் தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பழைய தொடர்களின் பாசத்தில் வீடுகளின் கணக்கும் சேர்ந்திருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு வீட்டில் ஏறத்தாழ 40 வீட்டில்தான் டிவி இருந்தது. அந்த வருடம்தான் சித்தி முடிந்தது. 2011-இல் அது 87. நடுவில் அரசு ஏறத்தாழ 1.6 கோடி இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கியிருந்தது. அப்படியென்றால் ராதிகாவின் சித்தியைப் பார்த்த எத்தனையோ பேர் அடுத்த வீட்டுத் திண்ணையில், பெரியம்மா வீட்டுக் கூடத்தில், பத்துப் பேரோடு சேர்ந்து பார்த்தவர்கள். இன்று அதே ஆட்கள் கையில் போனை வைத்துக்கொண்டு ஒற்றையாகப் பார்க்கிறார்கள். 2020 ஜனவரி 27-இல் சித்தி 2 வந்தது. அதே சேனல், அதே ராதிகா. 2022 ஏப்ரல் வரை, முதல் சித்தியைவிடச் சில மாதம் அதிகமாகவே ஓடியது. பாதியில் ராதிகா விலகிக்கொண்டார். இன்று 'சித்தி' என்றால் எந்தச் சித்தி என்று யாரும் கேட்பதில்லை. பெயரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது, திண்ணையைக் கொண்டுவர முடியவில்லை.

செலவுப் பக்கம் சுருக்கமாக. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய். 2019 பிப்ரவரி 1-இல் நடைமுறைக்கு வந்த, ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. அப்போது சன் டிவியின் தனி விலை 19, வரியோடு 22 ரூபாய் 42 காசு. இரண்டும் சேர்த்து 175 ரூபாய் 82 காசு. மாதம் 26 எபிசோடாக ஒரே ஒரு தொடரைப் பார்த்தவருக்கு ஓர் எபிசோடு 6 ரூபாய் 76 காசு. தினம் ஐந்து தொடர் பார்த்தவருக்கு 1 ரூபாய் 35 காசு. கட்டணமே அதிகம் பார்க்கச் சொல்கிறது. அதிகம் பார்க்கிறவர் எதையும் ஊன்றிப் பார்ப்பதில்லை.

இதில் ரசிகரின் குரல் எங்கே கேட்கும்? வியாழக்கிழமை டிஆர்பியில் என்பார்கள். 2020-இல் இந்தியாவில் டிவி உள்ள வீடு ஏறத்தாழ 21 கோடி, டிஆர்பியை அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் மீட்டர் இருந்த வீடு ஏறத்தாழ 44,000. சராசரியாக 4,770 வீட்டுக்கு ஒரு வீடு பேசியது. மிச்ச வீடுகளுக்கு ஆத்திரத்தைச் சொல்ல இருக்கும் ஒரே வழி, 'மெட்டி ஒலி மாதிரி வருமா' என்பது. அதனால்தான் அந்த வாக்கியத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

அதே வருடம் ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது சன் டிவி மெட்டி ஒலியையே மறுபடி போட்டது. தூர்தர்ஷன் 78 எபிசோடு ராமாயணத்தை மார்ச் 28 முதல் ஒளிபரப்பி, ஏப்ரல் 16-இல் மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தது. 1987-இல் ராமாயணம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக ஒன்றரை வருடம் வந்தது. 2020-இல் தினம் வந்து சில வாரத்தில் தீர்ந்தது. பழைய தொடரைக்கூட இன்றைய வேகத்தில்தான் பார்க்கத் தந்தார்கள்.

சேனல்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கை உண்டு. சனிக்கிழமையை எழுத்தாளருக்குத் திருப்பிக் கொடுங்கள். தொடங்கும் அன்றே எத்தனை எபிசோடு என்று சொல்லுங்கள். 300 என்றால் 300. முடிவு தெரிந்து எழுதுகிறவர் முகங்களைச் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்.

ஒப்பிடுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று. நினைவில் நின்ற காட்சியை விட்டுவிட்டு, முதல் நூறு எபிசோடை முதல் நூறோடு வையுங்கள். கோலங்கள் யூடியூபில் இருக்கிறது, எதிர்நீச்சல் சன் நெக்ஸ்டில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 2,200 நிமிடம், இரண்டும் சேர்ந்து 73 மணி 20 நிமிடம். இரவுக்கு அதில் ஒன்று, இதில் ஒன்று என்று பார்த்தால் நூறு இரவு.