சாந்தில் கலந்த நார்

திருநீர்மலை என்னும் பெயரிலேயே நீர் இருக்கின்றது. மலையை நீர் சூழ்ந்து நின்றமையால் திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்து வழிபட்டார் என்பது தலவரலாறு. இவ்வூரில் வீடு கட்டிய நாம் அந்நீரைச் சுவருக்குள்ளேயே கண்டோம். சித்திரை வெயிலில் பூசப்பெற்ற மேற்குச் சுவரில், மறுநாளே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடின. "பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிடும் சார்" என்றார் கொத்தனார். மறைந்தன. 2015 டிசம்பர்ப் பெருமழை அவ்வழியே புகுந்து நம் நூலடுக்கை நனைத்தபோதுதான் காரணத்தை ஆராயத் தலைப்பட்டோம்.

சாந்து இறுகி வலுப்பெறுமுன் அதன் மேற்பரப்பு நீர் ஆவியாகின்றது. சாந்து சுருங்க முனைகின்றது. பின்னுள்ள செங்கற்சுவரோ அதனைச் சுருங்கவிடாது பற்றி நிற்கின்றது. இவ்விழுப்பைத் தாங்கும் ஆற்றல் இளஞ்சாந்துக்கு இல்லையாதலின் அது பிளக்கின்றது. குறுநார்கள் விரவியிருப்பின், பிளவு தோன்றும் இடத்திலேயே இரு கரைகளையும் பிணைத்து, அது நீண்டு ஓடாமல் தடுக்கின்றன.

மண்சுவருக்கு வைக்கோலை மிதித்துச் சேர்த்த நம் முன்னோர்க்கு இவ்வுண்மை தெரியும். ஆயின் வைக்கோலும் தேங்காய் நாரும் சிமெண்டின் காரத்தில் நாளடைவில் நைந்துபோகும். பாலிபுரொப்பிலீன் இழை அக்காரத்துக்கு அஞ்சாது. பாலியெஸ்டர் இழையும் கடைகளில் கிடைக்கின்றது. 'ரெக்ரான் 3எஸ்' பலரும் அறிந்த பெயர். காரம் அதனைக் காலப்போக்கில் ஓரளவு தாக்கக்கூடும் எனினும், அதன் தலையாய பணி முதற்சில மணி நேரங்களிலேயே முடிந்துவிடுகின்றது. நம் அண்மையில், தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் நாரிட்ட கான்கிரீட்டைப் பல்லாண்டுகளாக ஆய்ந்து வருகின்றது.

அளவு வியப்பூட்டுவது. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம் போதும். பூச்சுக்கு 6 மில்லிமீட்டர் நீளமும், கான்கிரீட்டுக்கு 12 மில்லிமீட்டர் நீளமும் வழக்கம். இழையின் தடிப்பு 35 மைக்ரான் எனக் கொண்டு கணக்கிட்டோம்: அச்சிறு பொட்டலத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நார்கள்! (தமிழாசிரியர் கணக்கு என்று ஐயுற வேண்டா, கணிதத்துறை நண்பர் சரிபார்த்தார்.)

நார் கம்பிக்கு மாற்றாகாது. தூணின் சுமைதாங்கும் திறனை அது பெரிதும் உயர்த்துவதில்லை. ஏழு நாளேனும் சுவரை நனைத்து வைக்கும் கடமையிலிருந்தும் விடுவிப்பதில்லை.

பழைய பூச்சைக் கொத்தியெடுத்து மீண்டும் பூசியபோது, பொட்டலம் முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டினார் கொத்தனார். நார் பஞ்சுருண்டையாய்த் திரண்டது. சித்தாளம்மையாருடன் நாமும் அமர்ந்து உருண்டைகளைப் பிரித்தெடுத்துச் சிறிது சிறிதாகத் தூவினோம். "சுவத்துக்கு முடி முளைக்கப் போவுது சார்" என்று அவர் நகைத்தார். மட்டப்பலகையால் தேய்த்ததும் வெளியே நீட்டிய இழைகள் பெரும்பாலும் படிந்துவிட்டன. எஞ்சியவை பெயிண்டில் மறைந்தன.