கிரீன் டீ புற்றுநோயைத் தடுக்குமா?

கண்ணாடித் தட்டில் கிடைத்த வெற்றி

கிரீன் டீயும் நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீயும் ஒரே செடியின் இலைகள்தாம். பறித்ததும் ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றினால் இலையின் நொதிகள் அடங்கி, கேட்டகின் என்ற சேர்மங்கள் அப்படியே தங்கிவிடும். கசக்கிக் காற்றுபட விட்டால் அவற்றில் பெரும்பகுதி வேறு சேர்மங்களாக மாறி, இலை கறுத்துவிடும். கேட்டகின்களில் முதன்மையானது இஜிசிஜி. ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச்செல்கள் மீது இதைச் சேர்த்தால் அவை பெருகுவது குறைகிறது. பல செல்கள் தாமாகவே மடிகின்றன. கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் புதுக்குழாய்கள் முளைப்பதும் தடைபடுகிறது. இதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே பயன்படுத்தும் செறிவு பெரும்பாலும், டீ குடித்தவரின் ரத்தத்தில் சேர்வதைவிடப் பல மடங்கு அதிகம். குடித்ததில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் கலக்கிறது; அதுவும் சில மணி நேரத்தில் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. விளம்பரங்கள் விழுங்கிவிடும் உண்மை இதுதான்.

ஜப்பானியரைப் பாருங்கள் என்பவர்களுக்கு

பார்க்கலாம். ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்ததில், நாளுக்குப் பத்துக் கோப்பைக்குமேல் குடித்தவர்களுக்குப் புற்றுநோய் சில ஆண்டுகள் தள்ளியே வந்தது. ஆனால் மியாகி மாநிலத்தில் 40,530 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், கிரீன் டீ அதிகம் குடித்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய்களால் வரும் மரணம் குறைந்திருந்தது. புற்றுநோய் மரணம் குறையவில்லை. டீயை விரும்புபவரின் உணவும் உழைப்பும்கூட வேறாக இருக்கலாம் என்பதால், கவனித்துப் பார்க்கும் ஆய்வு மட்டும் போதாது. கொடுத்துப் பார்க்கவும் வேண்டும். அதையும் செய்தார்கள். புராஸ்டேட்டில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த 60 பேரை இத்தாலியில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 600 மில்லிகிராம் கேட்டகின் கொடுத்தார்கள். ஓராண்டில் அந்த 30 பேரில் ஒருவருக்கும், போலிமாத்திரை பெற்ற 30 பேரில் ஒன்பது பேருக்கும் புற்று வந்தது. பிரமிக்க வைக்கும் வித்தியாசம்தான். ஆனால் 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 97 பேரிடம் இதேபோல் சோதித்தபோது புற்று வந்தவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 142 ஆய்வுகளை அலசி 2020-இல் சொன்னதும், முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பதே. ஆகவே "தடுக்கலாம்" என்பது இன்னும் ஆராய வேண்டிய கருத்து. "தடுக்கும்" என்பது வியாபாரம்.

குடித்தால் கெடுதலில்லையே?

அளவாகக் குடித்தால் பெரும்பாலோருக்கு இல்லை. கேப்சூல் வேறு கதை. தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜியை மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. இன்னொரு முரண்: எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குத் தரும் போர்ட்டெசோமிப் மருந்தோடு இஜிசிஜி நேரடியாக ஒட்டிக்கொண்டு, அதைச் செயலிழக்கச் செய்வதை ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டிருக்கிறார்கள். எந்த டீயானாலும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் வேண்டாம்; 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. ருசிக்காகக் குடிப்பவர்கள் ஆறவைத்துத் தாராளமாகக் குடியுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் கிரீன் டீ மாத்திரையோ பொடியோ தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.