தோட்டத்தில் துணைப்பயிர், பாதங்களுக்குக் காலணி

ஆடிப் பட்டம் நெருங்கும்போது, காய்கறித் தோட்டம் போடலாமா என்று நீரிழிவு நோயாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. தாராளமாகப் போடலாம். உடலுழைப்பு இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும். வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை ஆகியவை உங்கள் உணவுக்கும் உகந்தவை. ஆயினும், பயிர்களோடு பாதங்களின் பாதுகாப்பையும் சேர்த்தே திட்டமிடல் வேண்டும்.

நாள்தோறும் 6 மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் 3 அடி அகலப் பாத்திகள் அமையுங்கள். இருபுறமிருந்தும் கை எட்டும். பாத்திக்குள் கால் வைக்க நேராது.

பூச்சிக்கொல்லித் தெளிப்பைக் குறைக்கத் துணைப்பயிர்கள் உதவும். தக்காளி வரிசைகளுக்கிடையே துலுக்கச் சாமந்தி நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதனை நாடி முட்டையிடும். அதன் வேர்கள் நூற்புழுக்களையும் குறைக்கும். வெண்டையைச் சுற்றி மக்காச்சோளம் விதைத்தால், மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈக்களின் வரவு ஓரளவு தடைப்படும். ஓரத்தில் வளரும் தட்டைப்பயற்றின் அசுவினியைத் தேடி வரும் பொறிவண்டுகள் அண்டைப் பயிர்களையும் காக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தவை; அவற்றை அறுவடை செய்த பாத்தியில் அடுத்துப் பயறு வகையை விதையுங்கள். மண்ணில் தழைச்சத்தும் கூடும்.

நெடுநாள் நீரிழிவு பாதங்களின் உணர்ச்சியைக் குன்றச் செய்யும். முள் தைத்தாலும் வலி தெரியாது. கவனியாது விட்ட அச்சிறு காயமே ஆறாப் புண்ணாகிக் காலை இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். மேலும், ஈரமண்ணில் வாழும் ஒரு கிருமி, காயத்தின் வழியே புகுந்து மெலியாய்டோசிஸ் என்னும் கடும் நோயை உண்டாக்கவல்லது; நீரிழிவுடையோருக்கு அதன் ஆபத்து மிகுதி.

ஆகவே, வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்காதீர்கள். விரல்களை மூடிய காலணியும் கையுறையும் அணியுங்கள். புண் இருப்பின், அது ஆறும்வரை மண் வேலை வேண்டாம். இன்சுலின் போடுவோர் வெறும் வயிற்றில் வேலை செய்யலாகாது. சர்க்கரையோ குளுக்கோசோ கையில் இருக்கட்டும். சிறுநீரகப் பாதிப்புள்ளோர் கீரை, தக்காளியின் அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டறியவும். உறுப்பு மாற்று செய்துகொண்டோர் மருத்துவரைக் கேட்காமல் மண்ணைத் தொட வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு பணி: மாலையில் அவர் பாதங்களைக் கழுவித் துடைத்தபின், விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். கீறல், கொப்புளம், நிறமாற்றம் எதுவாயினும் அன்றே காட்டுங்கள். காய்ச்சல் வந்தால், மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாது சொல்லுங்கள்.